கல்லில் இருக்கும்போதே பிய்த்த தோசை

கேள்வி: பாக்டீரியாவுக்கும் டிஎன்ஏ, நமக்கும் டிஎன்ஏ. அதைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் வேலை மட்டும் ஏன் வேறு மாதிரி? பிளஸ் டூ படிக்கும் மகள் கேட்டு முழித்தேன்.
— வாசகி, பெரம்பூர்

பதில்: பாக்டீரியா நம்ம ஊர் கையேந்தி பவன் மாதிரி, சமையலறைக்குச் சுவரே கிடையாது. டிஎன்ஏவைப் பொத்தி வைக்கும் உட்கரு இல்லாததால், டிஎன்ஏவின் நகலான ஆர்என்ஏ இழை ஒரு பக்கம் நீண்டுகொண்டிருக்கும்போதே மறுமுனையில் ரைபோசோம்கள் ஒட்டிக்கொண்டு புரதம் செய்ய ஆரம்பித்துவிடும், தோசை கல்லில் இருக்கும்போதே ஓரத்தைப் பிய்த்துத் தின்பது போல. நம் செல் கல்யாண மண்டபம். ஆர்என்ஏ சமையல் உட்கருவுக்கு உள்ளே, புரதப் பந்தி வெளியே.

அந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. எழுதிய ஆர்என்ஏவுக்கு முன்னால் ஒரு தொப்பி, பின்னால் அடினைன் என்ற ஒரே எழுத்தால் ஆன நீண்ட வால், அப்புறம் நடுவில் இருக்கும், புரதத்துக்குத் தேவைப்படாத இன்ட்ரான் துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்ட வேண்டும். ஜீன்கள் இப்படித் துண்டுதுண்டாக இருப்பது 1977இல் தெரியவந்தது. அதற்காக ரிச்சர்ட் ராபர்ட்ஸும் ஃபிலிப் ஷார்ப்பும் 1993இல் நோபல் வாங்கினார்கள். தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் ஜீனைப் பாருங்கள், 20 லட்சத்துக்கும் மேல் எழுத்துகள், எழுதி முடிக்கவே சுமார் 16 மணி நேரம், வெட்டி ஒட்டியபின் மிஞ்சுவதோ ஏறக்குறைய 14,000! இவ்வளவு வீணா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் வெட்டும் விதத்தை மாற்றினால் ஒரே ஜீனிலிருந்து பல புரதங்கள் கிடைக்கும்.

சரி, எழுதுவது யார்? ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி. பாக்டீரியாவில் அது ஒன்றே ஒன்று, நம் உட்கருவில் மூன்று வகை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரை, அதுதான் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குமே, அது பாக்டீரியாவின் பாலிமரேஸைப் பிடித்து நிறுத்துகிறது, நம்முடையதைக் கண்டுகொள்வதில்லை.