கருத்தடை மருந்துகளின் பக்க விளைவுகள்: பொறுக்கக்கூடியவையும் பொறுக்கக் கூடாதவையும்

மூன்று மாதத்தில் தானாக அடங்கிவிடும் குமட்டலையும், அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட வேண்டிய அறிகுறியையும் ‘பக்க விளைவு’ என்ற ஒரே சொல்லால்தான் குறிப்பிடுகிறோம். அதனால் முன்னதற்குப் பயந்து மருந்தைக் கைவிடுபவர்களும், பின்னதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்பவர்களுமாகப் பலர் எழுதுகிறார்கள். அவர்களுடைய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: என் குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி போட்டுக்கொண்டேன். நாற்பது நாட்களாக விட்டுவிட்டு உதிரம் படுகிறது. போகப்போக மாதவிலக்கே நின்றுவிடும், கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும் என்கிறார் மாமியார். அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் மாமியார் சொன்னதில் முதல் பாதி சரி. அந்தராவில் இருப்பது மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் அசிடேட் என்னும் ஹார்மோன். தசையில் போடும் ஊசியில் 150 மில்லிகிராம் இருக்கும். அது கருமுட்டை வெளியாவதைத் தடுப்பதோடு கருப்பையின் உள்சவ்வையும் மெலிதாக்குகிறது. மெலிந்த சவ்வின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் எளிதில் கசிவதால், முதல் சில மாதங்களில் ஒழுங்கில்லாமல் உதிரம் படுவது இந்த ஊசியில் மிகச் சாதாரணம். பிறகு சவ்வு வளராமலேயே இருந்துவிடுவதால், ஓராண்டுக்குள் ஏறக்குறையப் பாதிப் பெண்களுக்கு மாதவிலக்கு வராமல் போகிறது. வளராத சவ்வு உதிர வேண்டியதில்லை. ஆகவே உள்ளே தங்குவதற்கு ரத்தமும் இல்லை, கெட்ட ரத்தம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஊசி போடும் அன்றே இதை இரண்டு நிமிடம் விளக்கிச் சொல்லியிருந்தால் நீங்கள் இத்தனை நாள் பயந்திருக்க மாட்டீர்கள் என்பதே என் வருத்தம்.

படுவது திட்டுத் திட்டாக மட்டும் இருந்தால் அடுத்த ஊசியைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். தொந்தரவு அதிகமென்றால் மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரையை ஐந்து நாள் கொடுத்து மருத்துவர் கட்டுப்படுத்துவார். வழக்கமான மாதவிலக்கைவிட இரு மடங்கு போனாலோ, எட்டு நாளைத் தாண்டியும் போக்கு குறையாவிட்டாலோ ரத்தசோகைப் பரிசோதனையும், வேறு காரணம் உண்டா என்று பார்ப்பதும் அவசியம். இரண்டு செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையைப் போல் நினைத்த அன்று நிறுத்த முடியாது. போட்ட ஊசி தன் காலம் முடியும்வரை உடலில் இருக்கும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால், கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கப் பொதுவாக ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கருத்தரிக்கும் ஆற்றல் நிரந்தரமாகப் போய்விடாது.

கேள்வி: மாலா-டி கருத்தடை மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. காலையில் குமட்டுகிறது, எடையும் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பழுப்பு மாத்திரைகளையாவது விட்டுவிடலாமா?

பதில்: பழுப்பு நிற மாத்திரைகள் ஏழும் இரும்புச் சத்து மட்டுமே. அவற்றை விட்டாலும் பாதுகாப்புக் குறையாது. ஆனால் நாள் கணக்குத் தவறி அடுத்த அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது, அங்கேதான் கரு நிற்கிறது. குமட்டலுக்குக் காரணம் மற்ற 21 மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். இரவு உணவுக்குப் பின் படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டால் பலருக்கும் அது மட்டுப்படும். மூன்றாம் மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். எடையைப் பொறுத்தவரை, மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. எடை கூடுவதை அந்தரா ஊசியோடுதான் ஓரளவு உறுதியாகத் தொடர்புபடுத்த முடிகிறது.

கேள்வி: மாத்திரை தொடங்கிய பிறகு ஒற்றைத் தலைவலி வருகிறது. வலிக்குச் சற்று முன் கண்ணுக்குள் நெளிநெளியாக ஒளிக்கோடுகள் தெரிகின்றன. பழகிவிடுமா?

பதில்: பழகும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆணுறையைப் பயன்படுத்திக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். ஒளிக்கோட்டோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டுவதால் அதைக் கொடுக்கவே கூடாது. கருப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் இல்லாத காப்பர்-டி உங்களுக்குப் பொருந்தும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீர்ப் பார்வை மங்கல் ஆகியவையும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளே.

இதைப் படித்துவிட்டு மற்றவர்கள் பதற வேண்டியதில்லை. மாத்திரை எடுக்காத, கருவுறாத பத்தாயிரம் பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்கட்டு, அதாவது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைவது, ஏற்படுகிறது. மாத்திரை எடுப்பவர்களில் 3 முதல் 9 பேருக்கு. கர்ப்பிணிகளிலோ 5 முதல் 20 பேருக்கு. அபாயம் உண்டு, ஆனால் அளவில் சிறியது. மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். 1970இல் அமெரிக்க செனட் சபையில் நடந்த மாத்திரை விசாரணையின்போது பெண்கள் எழுந்து நின்று கேள்வி எழுப்பிய பிறகுதான் அந்நாட்டில் அப்படியொரு தாள் வைக்கப்பட்டது.

கேள்வி: மாத்திரை எடுக்கத் தொடங்கியதிலிருந்து காரணமில்லாமல் அழுகை வருகிறது. எல்லாம் மனப்பிரமை என்கிறார் கணவர்.

பதில்: மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து டென்மார்க்கில் நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. ஹார்மோன் கருத்தடை எடுத்தவர்கள், குறிப்பாக வளரிளம் பெண்கள், மனச்சோர்வு மருந்தைத் தொடங்குவது சற்றே அதிகமாக இருந்ததை அது காட்டியது. மருந்துதான் காரணம் என்று அதை வைத்து மட்டும் தீர்மானித்துவிட முடியாதென்றாலும், உங்கள் அனுபவத்தை மறுக்கவும் யாருக்கும் உரிமையில்லை. அழுகை வந்த நாட்களை நாட்காட்டியில் குறித்து, மருத்துவரிடம் காட்டி வேறு முறைக்கு மாறுங்கள். உயிரை விடத் தோன்றினால் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

கேள்வி: குலதெய்வக் கோயில் விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை போட்டேன். அந்த நாட்களில் கருத்தடைப் பாதுகாப்பும் இருந்திருக்கும் அல்லவா?

பதில்: இருந்திருக்காது. நாரெதிஸ்டிரோன் மாத்திரையை அப்படிச் சில நாள் போடுவது உதிரத்தை மட்டுமே தள்ளிப்போடும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வர வேண்டும். வராமல் ஒரு வாரம் கடந்தால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தக்கட்டு வந்தவர்கள் இதை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது.

கேள்வி: காசநோய்ச் சிகிச்சை தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. கருத்தடை மாத்திரையைத் தவறாமல் போட்டும் மாத நடுவில் உதிரம் படுகிறது. இதுவும் பக்க விளைவா?

பதில்: உங்களுக்கு இது ஓர் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். காசநோய்க்குக் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின், கருத்தடை ஹார்மோன்களைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்வதால், மாத்திரை போட்டும் பலன் கிடைக்காமல் போகலாம். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தாமல், கருத்தடை முறையைத்தான் மாற்ற வேண்டும். ரிஃபாம்பிசினின் கடைசி வேளை முடிந்த பின்னும் அதன் தாக்கம் சில வாரம் நீடிக்கும் என்பதால், குறைந்தது நான்கு வாரம் கழித்தே பழைய மாத்திரையை நம்பலாம்.