வேர்ட்பிரஸ் இலவசம் என்றால் ஏன் பணம் கேட்கிறது?
இணையதளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் இலவசம் என்று நம்பிப் போனால் மாதக் கட்டணம் கேட்கிறது என்கிறீர்கள். நீங்கள் போனது வேர்ட்பிரஸ் டாட் காம் தளமாக இருக்கும், அது சர்வர் இடத்தையும் பராமரிப்பையும் சேர்த்து விற்கும் வணிகச் சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளத்தில் கிடைப்பதுதான் திறமூல மென்பொருள், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் இலவச மென்பொருள். 2003-இல் பி2 என்ற பழைய நிரலிலிருந்து கிளைத்தது, யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமம் கொண்டது, பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி என்ற தரவுத்தளமும் உள்ள சர்வரில் போட்டுக்கொள்ளலாம், நிரலைத் திருத்தினாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். டொமைனுக்கும் (தள முகவரிக்கும்) சர்வர் வாடகைக்கும் மட்டும் நீங்கள்தான் கட்டவேண்டும். முதலில் உங்கள் கணினியிலேயே நிறுவிப் பழகுங்கள், அதற்குச் செலவே இல்லை. அப்புறம், கூடுதல் வசதி தரும் துணை நிரல்களான பிளகின்களை அள்ளிப் போடாதீர்கள். பெரும்பாலும் பாதுகாப்பில் ஓட்டை விழுவது அங்கேதான். அப்டேட் செய்யாத ஒரே ஒரு பிளகினால் தளம் போய், பேக்கப்பும் இல்லாமல் நானே திருதிருவென்று முழித்திருக்கிறேன்.