எச்சரிக்கை விளக்கு எரியாத பழுதுகள்: மின் ஸ்டீயரிங் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது என் காரின் ஸ்டீயரிங் நடுவில் ஒட்டிக்கொள்கிறது. லேசாகத் திருத்தினால் அசைவதில்லை. சற்று அழுத்தினால் தேவைக்கு மேல் திரும்பிவிடுகிறது. ஸ்கேனரில் எந்தப் பழுதுக் கோடும் (code) வரவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: ஸ்கேனரில் கோடு வராவிட்டால், மின்சுற்றும் சென்சார்களும் வரம்புக்குள் இயங்குகின்றன என்று மட்டுமே முடிவு செய்யலாம். மின் ஸ்டீயரிங்கின் கட்டுப்பாட்டுக் கணினி, ஓட்டுநரின் கை தரும் முறுக்குவிசையையும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும், மோட்டாரின் சுழற்சியையும், பேட்டரி வோல்ட்டையும் கவனிக்கிறது. கிரீஸ் வறண்டதையோ பற்சக்கரம் தேய்ந்ததையோ நேரடியாக அறிய அதனிடம் சென்சார் கிடையாது. உராய்வு கூடும்போது ஓட்டுநர் தன்னை அறியாமலே சற்று அதிகமாக அழுத்துகிறார், கணினியும் அதற்கேற்ப மோட்டாருக்கு மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. பழுதை மோட்டாரே சுமந்து மறைத்துவிடுவதால், அதை வெளியே கொண்டுவர மோட்டாரின் உதவியை முதலில் நிறுத்த வேண்டும்.

உங்கள் அறிகுறி புதிதல்ல. 2024 அக்டோபரில் ஹோண்டா நிறுவனம், சிவிக், சிஆர்-வி உள்ளிட்ட 2022 முதல் 2025 வரையிலான மாடல்களில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஸ்டீயரிங் கியர் பெட்டியிலுள்ள வார்ம் சக்கரம் (திருகு வடிவ வார்ம் கியரோடு இணைந்து சுழலும் பற்சக்கரம்) முறையாகத் தயாரிக்கப்படாததால் கிரீஸ் படலம் மெலிந்தது. வார்ம் கியரை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தமும் அளவுக்கு மேல் இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றி, கிரீஸைச் சீராகப் பரப்புவதே தீர்வாக அறிவிக்கப்பட்டது.

உங்கள் வண்டியின் முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங் பூட்டு விழாதபடி சாவியை வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மிக மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். இறுக்கம் எந்த இடத்தில், எத்தனை முறை வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. மோட்டார் ஸ்டீயரிங் காலத்தில் (column, ஸ்டீயரிங்கிலிருந்து கீழிறங்கும் தண்டுப் பகுதி) இருக்கும் வண்டியில், ஒவ்வொரு முழுச் சுற்றிலும் அதே இடத்தில் ஒரு முறை இறுகினால் வார்ம் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். சுற்றுக்கு இரண்டு முறை இறுகித் தளர்ந்தால், பெடல்களுக்கு அருகே இறங்கும் இடைத்தண்டின் யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கும். நேர்நிலையில் மட்டும் இறுகி, ஒரு சுற்று தள்ளி அந்த இறுக்கம் திரும்ப வராவிட்டால் ராக்கின் (முன்சக்கரங்களை இடவலமாகத் திருப்பும் பற்கள் கொண்ட கம்பி) நடுப்பகுதியைப் பாருங்கள். எங்கும் ஒரே சீராகக் கனமாக இருந்தால், ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகள் இரண்டையும் கழற்றிவிட்டு மீண்டும் சுற்ற வேண்டும். அப்போது இலகுவாகிவிட்டால் பழுது ஸ்டீயரிங்கில் இல்லை, சக்கரத்தருகே உள்ள பால் ஜாயின்ட்டிலோ (ball joint) சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் முழு ஸ்டீயரிங் தொகுதியையும் மாற்றச் சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: நான் மெக்கானிக். கோடு இல்லாத நிலையில் ஸ்கேனரால் பயனே இல்லையா?

பதில்: நிச்சயமாக உண்டு, கோடு பக்கத்தை மூடிவிட்டு நேரடி அளவுகளைத் திறந்து பாருங்கள். சக்கரங்கள் அந்தரத்தில் இருக்க, எஞ்சின் ஓட, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றி மோட்டார் மின்னோட்டத்தை ஒப்பிடுங்கள். தரையின் உராய்வு இல்லாத அந்த நிலையிலும் மின்னோட்டம் உயர்ந்தே நின்றால் உராய்வு ராக்கிலோ காலத்திலோ சக்கரத்தின் ஜாயின்ட்டுகளிலோ ஸ்ட்ரட் பேரிங்கிலோதான் இருக்க முடியும். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால், கையை எடுத்துவிட்டு கையின் முறுக்குவிசையை அளக்கும் டார்க் சென்சாரின் அளவைப் பாருங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி நிற்காவிட்டால் முதலில் சென்சாரைச் சரிப்படுத்திவிட்டு, பிறகு மீண்டும் அளக்க வேண்டும். அதே மாடலின் நல்ல வண்டி ஒன்றில் எடுத்த அளவைக் குறித்து வைத்திருப்பது எந்தக் கையேட்டையும் விட உதவும்.

கேள்வி: மேடு பள்ளத்தில் முழங்காலுக்கு அருகே 'டொக் டொக்' என்று கேட்கிறது. சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்றியும் போகவில்லை.

பதில்: ஓசை முழங்காலருகே கேட்டும் சஸ்பென்ஷனை மாற்றியது வீண் செலவு. காலம் வகை மின் ஸ்டீயரிங் சிலவற்றில் மோட்டாருக்கும் வார்முக்கும் இடையே சிறிய ரப்பர் இணைப்பு ஒன்று இருக்கும். அது தேய்ந்து உதிர்ந்தால் இந்த ஓசை வரும். வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது ஸ்டீயரிங்கை நடுநிலையில் இருபுறமும் சிறிதளவே விரைவாக ஆட்டி, காலத்தின் மேல் மற்றவரைக் கை வைக்கச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்து ஆட்டும்போது ஓசை பெரிதும் குறைந்தால் இந்த இணைப்பின் மீது சந்தேகம் வலுக்கும். குறையாவிட்டால் இடைத்தண்டின் ஜாயின்ட்டைப் பாருங்கள். ரப்பர் துண்டின் விலை சொற்பம், காலத்தைக் கழற்றும் கூலிதான் அதிகம்.

கேள்வி: நெருக்கமான இடத்தில் பலமுறை திருப்பி நிறுத்தினால் ஸ்டீயரிங் கனமாகி, சற்று நேரத்தில் சரியாகிவிடுகிறது.

பதில்: சூடேறிய மோட்டாரைக் காக்கக் கணினி உதவியைக் குறைக்கிறது; அது இயல்பே. முன்பு இல்லாமல் இப்போது விரைவில் நிகழ்ந்தால் டயரின் காற்றையும் பேட்டரியின் எர்த் இணைப்பையும் சோதித்துவிட்டு, மேலே சொன்ன உராய்வுச் சோதனைக்குப் போங்கள்.

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். சாலையில் தூவும் உப்பு ஸ்டீயரிங்கைப் பாதிக்குமா? உதவி திடீரென நின்றால் காரைத் திருப்ப முடியுமா?

பதில்: பாதிக்கும். 2018 மார்ச்சில் டெஸ்லா, 2016 ஏப்ரலுக்கு முன் தயாரான சுமார் 1,23,000 மாடல் எஸ் கார்களைத் திரும்ப அழைத்ததற்கு அதுவே காரணம்: கால்சியம், மக்னீசியம் உப்புகள் பயன்படும் குளிர்ப்பகுதிகளில் பவர் ஸ்டீயரிங்கின் போல்ட்டுகள் அரித்துப்போயின. போல்ட் அறுந்து விழும்வரை எந்த மின் அளவும் மாறாது என்பதால் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, குளிர்காலம் முடிந்ததும், ராக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகளை (boot) விரித்து மடிப்புகளுக்குள் கீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உறையை அமுக்கும்போது உள்ளே நீர் அசைவது தெரிந்தால் ராக் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். உதவி நின்றாலும் சக்கரத்தோடு இயந்திரத் தொடர்பு இருப்பதால் கார் திரும்பும். ஐ.நா.வின் 79ஆம் விதி, பயணிகள் காரில் ஸ்டீயரிங் நல்ல நிலையில் இருக்கும்போது 150 நியூட்டன், பழுதானால் 300 நியூட்டன் வரை கைவிசையை அனுமதிக்கிறது. பின்னது சுமார் 30 கிலோ எடைக்குச் சமம்; எதிர்பாராத வளைவில் அது எளிதன்று.

கேள்வி: தண்டே இல்லாமல் மின்கம்பி வழியே இயங்கும் ஸ்டீயரிங்கில் இந்தப் பழுதுகளைக் கையால் உணர முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. 2013இல் வந்த இன்ஃபினிட்டி கியூ50, அவசரத்திற்கென ஒரு கிளட்ச்சையும் தண்டையும் வைத்திருந்தது. டெஸ்லாவின் சைபர்டிரக்கில் அதுவும் இல்லை. கைக்கு வரும் கனம் அங்கே வேறொரு மோட்டார் உருவாக்கித் தருவது. டை ராட் முனை தளர்ந்தாலும் அந்த மோட்டார் வழக்கமான கனத்தையே தரக்கூடும். ராக் மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை அந்த வேகத்திற்கும் திருப்பத்திற்கும் எதிர்பார்க்கப்படும் விசையோடு மென்பொருள் இடைவிடாது ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இருபுறமும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது மட்டும் அந்த வண்டிகளுக்கும் மாறாது.