மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தால் யார் போவது?

கேள்வி: எனக்கு 29 வயது. வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு இரண்டரை வயது. பிரசவத்தோடு அக்கவுன்ட்ஸ் வேலையை விட்டேன். அடுத்த வருடம் மறுபடி வேலைக்குப் போக ஆசை. மாதம் ஆறு நாள் சென்னை அலுவலகத்துக்கு வந்தால் போதும் என்று கணவருக்குச் சொல்லிவிட்டார்கள். நண்பர்கள் இருக்கும் கோயம்புத்தூருக்குப் போகலாம் என்கிறார் அவர். என் அம்மாவும் அண்ணன் குடும்பமும் ஸ்ரீரங்கத்தில். மாமனார், மாமியாரோ மன்னார்குடியில் சொந்த வீடு இருக்க வாடகை எதற்கு என்கிறார்கள். எங்கே போவது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: ஊர்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி. பள்ளியிலிருந்து போன்: "பாப்பாவுக்கு உடம்பு சுடுது, வந்து கூட்டிட்டுப் போங்க." கணவர் சென்னையில் இருக்கிறார். நீங்கள் புது வேலையில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. யார் போவார்கள்? மூன்று ஊருக்கும் இதற்குப் பதிலாக ஒரு ஆளின் பெயரை எழுதிப் பாருங்கள்.

மதுரையிலிருந்து நாங்கள் சென்னைக்கு வந்தபோது என் மகனுக்கு ஒன்றரை வயது. என் வீட்டுக்காரரின் ஆபீஸுக்குப் பக்கம் என்பதற்காகவே அந்த வீட்டைப் பிடித்தோம். நாலே நாள் பழக்கத்தில், கீழ்வீட்டு மாமி கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அந்த மாமி தங்கமானவர். அது என் அதிர்ஷ்டம்தானே தவிர, சாமர்த்தியம் இல்லை.

கோயம்புத்தூரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சிறுவாணித் தண்ணீர், சென்னையை விட இதமான வெயில், பம்ப் கம்பெனி, மில், ஐ.டி. என்று வேலைக்கும் பஞ்சமில்லை. ஆனால் சென்னை அங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வந்தே பாரத்திலேயே ஆறு மணி நேரத்தைத் தொடும். சேரனோ நீலகிரியோ என்றால் ஒரு ராத்திரி. ஆறு நாள் என்பது போக வர எட்டு நாளாகிவிடும். அத்தனை நாளும் குழந்தையோடு நீங்கள் தனி. கணவரின் நண்பர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். மூன்று மணிக்கு அவர்களும் ஆபீஸில்தான் இருப்பார்கள்.

மன்னார்குடியில் வாடகை மிச்சம், பாட்டி தாத்தா பக்கத்தில், சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸ். எல்லாம் சரி, உங்கள் வேலை? நாளைக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பார்க்கவும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ வண்டி ஏற வேண்டியிருக்கும்.

ஆக, என் ஓட்டு திருச்சிக்கு. சென்னை 330 கிலோமீட்டர் சுமார். காலையில் ரயில் ஏறினால் மதியம் ஆபீஸில் இருக்கலாம். பெல் நிறுவனத்தை ஒட்டித் துவாக்குடிப் பக்கம் சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைய. ஜி.எஸ்.டி.யும் டேலியும் தெரிந்தவர்களை ஆடிட்டர் அலுவலகங்களிலும் தேடுவார்கள். சம்பளம் சென்னை மாதிரி இருக்காது, அதை இப்போதே மனசில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அம்மா வீட்டுக்குள்ளேயே குடி போகாதீர்கள். இரண்டு தெரு தள்ளி வீடு பாருங்கள். "பேத்தியை நான் பார்த்துக்கிறேன்" என்று எந்த அம்மாவும் சொல்வார். முழங்கால் வலியோடு இரண்டரை வயதுப் பிள்ளையின் பின்னால் நாள் முழுக்க ஓடுவது வேறு விஷயம். தினமும் எத்தனை மணி நேரம் முடியும் என்று கேட்டு, மீதி நேரத்துக்கு ப்ளே ஸ்கூலோ ஆளோ ஏற்பாடு செய்யுங்கள். அண்ணியிடமும் நேரில் பேசிவிடுங்கள். அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள்!

வீடு பார்க்க மே மாதம் போங்கள், ஒரு வாரமாவது தங்குங்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடமோ புரோக்கரிடமோ கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் நாலு துணியைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். மழை பெய்தால் எந்த வீட்டு வாசல் வரைக்கும் தண்ணீர் நிற்கும், எந்த நாய் கடிக்கும் என்பது வரைக்கும் சொல்வார். தரைத்தள வீடு என்றால் சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். வேளச்சேரிக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தை நினைத்து இப்போதே வீடு வாங்கிவிடாதீர்கள். ஒன்றாம் வகுப்புக்குக் கேந்திரிய வித்யாலயாவில் ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் ஐந்து. உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. பதினோரு மாத அக்ரிமெண்டில் குடியிருந்து பாருங்கள். அட்வான்ஸாகப் பத்து மாத வாடகை கேட்டால் வாதாடிப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, நீங்களாக வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் உச்சம். தடுப்பூசி அட்டையை லாரியில் ஏற்றாமல் கைப்பையில் வையுங்கள். அது இருந்தால் அடுத்த ஊசியை எந்த ஊரிலும் தொடரலாம்.

அப்புறம், மன்னார்குடி. லாரி பேசிய பிறகு போனில் சொல்லும் விஷயம் இல்லை இது. நீங்கள் மூன்று பேருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், சாப்பிட்டு முடித்து, கணவர் வாயாலேயே சொல்லட்டும். திருச்சியிலிருந்து மன்னார்குடி எத்தனை பக்கம் என்பதையும், சென்னையில் இருந்ததைவிட அடிக்கடி பேத்தியைப் பார்க்கலாம் என்பதையும் மாமியாரிடம் நீங்கள் சொல்லுங்கள்.