லேப்டாப் பாஸ்வேர்டே விபிஎன்-க்கும் போதுமா?

கே: ஆபீஸ் அம்பத்தூரில். மழை நாட்களில் வீட்டிலிருந்து விபிஎன் போட்டு, அதாவது இன்டர்நெட் வழியே ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைந்து, வேலை பார்க்கிறேன். லேப்டாப்பைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு. விபிஎன்-க்கும் அதையே மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை கொடுத்ததை அதுவே எடுத்துக்கொள்ளாதா?
- வாசகி, வேளச்சேரி

ப: விண்டோஸிலேயே உள்ள விபிஎன் என்றால் எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்துக்குப் போய், விபிஎன் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறங்கள். செக்யூரிட்டி டேபில் எம்எஸ்-சாப் வி2 (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ஒரு முறை) என்பதற்குக் கீழே, 'விண்டோஸ் லாகான் பெயரையும் பாஸ்வேர்டையும் தானாகப் பயன்படுத்து' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் போதும்.

போதாத இடங்களும் உண்டு. லேப்டாப் ஆபீஸ் டொமைனில், அதாவது ஆபீஸ் சர்வர் நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் குழுவில், சேர்ந்திருக்க வேண்டும். சொந்த மெயில் ஐடியில் லாகின் ஆகிற லேப்டாப் அந்த மெயில் ஐடியையே அனுப்பும், சர்வர் 691 (பெயரோ பாஸ்வேர்டோ தவறு) என்று திருப்பியடிக்கும். நான்கு இலக்க பின் போட்டுத் திறக்கிறவர்களிடம் அனுப்புவதற்குப் பாஸ்வேர்டே இல்லை. விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் 22எச்2 முதல் பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் 'கிரெடென்ஷியல் கார்டு' என்ற பாதுகாப்பு தானாகவே இயங்குவதால் இந்த டிக் பலிக்காமல் போகலாம். அங்கே பாஸ்வேர்டுக்குப் பதில் அடையாளம் காட்டும் டிஜிட்டல் சர்டிபிகேட்தான் வழி, ஐடி ஆட்களிடம் அதைக் கேளுங்கள். இன்னமும் பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறையை வைத்திருக்கும் ஆபீஸ் என்றால் டிக்கே வேண்டாம். அதில் போகும் எம்எஸ்-சாப் வி2-வை உடைக்க முடியும் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள்.

கே: விபிஎன் கனெக்ட் ஆகிறது. ஆனால் ஷேர் ஃபோல்டரைத் திறந்தால் 'ஆக்சஸ் டினைடு'. சில சமயம் அக்கவுன்ட்டே லாக் ஆகிவிடுகிறது. ஆபீஸுக்குள் உட்கார்ந்தால் எல்லாம் சரி. ஏன்?
- வாசகர், எக்காட்டுத்தாங்கல்

ப: விபிஎன்-க்கு நீங்கள் கொடுக்கும் யூசர் பெயரும் விண்டோஸ் யூசர் பெயரும் வேறு வேறாக இருப்பதுதான் காரணமாக இருக்கும். கனெக்ட் ஆனதும் விண்டோஸ், விபிஎன்-க்குக் கொடுத்த பெயரையே ஃபைல் சர்வருக்கும் நீட்டுகிறது. அந்தப் பெயருக்கு ஃபோல்டரில் உரிமை இல்லை. அந்த நேரத்தில், சேமித்த பாஸ்வேர்டுகளைக் காட்டும் கிரெடென்ஷியல் மேனேஜரைக் கன்ட்ரோல் பேனலில் திறந்தால் நட்சத்திரக் குறியோடு 'செஷன்' என்று ஒரு பதிவு தெரியும். திருடன் அதுதான்.

ஆப்டேட்டா ரோமிங்கில் மைக்ரோசாஃப்ட், நெட்வொர்க், கனெக்‌ஷன்ஸ், பிபிகே என்று ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே போனால் 'ராஸ்போன்' என்ற ஃபைல் கிடைக்கும். நோட்பேடில் திறந்து, உங்கள் விபிஎன் இணைப்பின் பெயருக்குக் கீழே 'யூஸ்ராஸ்கிரெடென்ஷியல்ஸ்' வரியில் 1-ஐ 0 ஆக்கி, சேவ் செய்து மறுபடி கனெக்ட் செய்யுங்கள். விபிஎன்-ஐ அழித்துப் புதிதாகப் போட்டால் இது திரும்ப 1 ஆகிவிடும். சர்வரை ஐபி எண்ணால் கூப்பிடாமல் முழுப் பெயரால் கூப்பிடுங்கள். டொமைனில் ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் என்ற முறை சர்வரின் பெயரைத்தான் கேட்கும்.

சொந்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். அவர்களுக்கு 1 இருப்பதால்தான் ஷேரே திறக்கிறது.

கே: ஆபீஸில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். வீட்டில் வைத்திருக்கும் ஆபீஸ் லேப்டாப் பழையதைத்தான் ஏற்கிறது, விபிஎன் 691 காட்டுகிறது.
- வாசகர், தாம்பரம்

ப: லேப்டாப் கடைசியாக ஞாபகத்தில் வைத்த பாஸ்வேர்டால் திறக்கிறது. அந்த 'தானாக' டிக்கை எடுத்துவிட்டு, விபிஎன்-இல் புதியதைக் கையால் அடித்து கனெக்ட் ஆகுங்கள். கனெக்‌ஷனை விடாமல் ஸ்க்ரீனை லாக் செய்து, புதிய பாஸ்வேர்டால் திறங்கள். பிறகு டிக்கைத் திரும்பப் போடலாம்.