மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டக் டக்' சத்தம்: ஷாக் அப்சார்பரை மாற்றத்தான் வேண்டுமா?

காரில் மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் சத்தம் வருகிறது, ஷாக் அப்சார்பர் (குலுக்கலை அடக்கும் பாகம்) போய்விட்டது என்று மெக்கானிக்குகள் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தாலோ, பள்ளம் தாண்டிய பின்னும் வண்டி ஆடிக்கொண்டே இருந்தாலோதான் அதன் மேல் சந்தேகப்படலாம்.

முதலில் வேகத்தடையில் முன் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாக ஏற்றிப் பாருங்கள். அப்புறம் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்படி ஓட்டுங்கள். இரண்டாவதில் மட்டும் சத்தம் என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்தான் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் முனையில் இருக்கும் இணைப்புத் தண்டு). சின்ன பாகம், செலவும் குறைவு.

அடுத்தது பால் ஜாயின்ட், அதாவது சக்கரப் பகுதியைக் கீழே பிடித்திருக்கும் குண்டு மூட்டு. இதை அலட்சியம் செய்யவே கூடாது. கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங் (சக்கரம் சுழல உதவும் பேரிங்), நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுன்ட்டைப் பாருங்கள். ஷாக் அப்சார்பரின் மேல் முனையை வண்டியின் உடலோடு பிடித்திருக்கும் பாகம் அது.

லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க்கையின் ரப்பர்) வெடித்திருந்தால் மாற்றலாம். ஆனால் அதன் போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போதே இறுக்கிவிடுகிறார்கள். சக்கரம் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஷாக் அப்சார்பர் மாற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) அவசியம்.