ஓரா மீன் முள் குத்தினால் விஷமா? அந்த மீனைச் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். விஷம் முள்ளில்தான், சதையில் இல்லை. குத்தினால் பெரும்பாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வலி உயிரை எடுக்கும். மீன் செத்து ஐஸில் கிடந்தாலும் முள்ளின் விஷம் அப்படியே இருக்கும். நீங்களும் என்னைப் போலக் கடல் இல்லாத ஊர்தான் என்று நினைக்கிறேன்.

நான் காட்பாடி. மனைவிக்கு ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். அங்கே பவளப்பாறை ஓரத்திலும் கடற்புல் திட்டிலும் கூட்டம் கூட்டமாகப் பாசி மேயும் மீன் இது. வேலூர் மார்க்கெட்டில் வஞ்சிரம், சங்கரா கேட்பார்கள். ஓராவைப் பெயர் சொல்லிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கலவை மீன் கூறில் இரண்டு மூன்று சேர்ந்து வரும். அப்படி வாங்கி வந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கழுவும்போது கட்டைவிரலில் ஏறிவிட்டது. ஒருவர் சுண்ணாம்பைத் தடவினார், இன்னொருவர் ஐஸ் வைக்கச் சொன்னார். என் வீட்டுக்காரி குண்டானில் வெந்நீரோடு போய், முதலில் தன் கையை விட்டுச் சூடு பார்த்தாள்.

"கையை வைங்கண்ணே, நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

கொஞ்சம் தேவலை என்றதும் எடுத்தார். மறுபடி வலி. மறுபடி முக்கினார். ஆற ஆறச் சூடு சேர்த்து, ஒரு மணி நேரம் போல அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த விஷம் புரதம், சூட்டில் சிதைந்துவிடும். கொதிக்கிற நீரில் விடாதீர்கள், கை வெந்துபோகும்.

நான் டாக்டர் இல்லை, சண்டைக்கு வராதீர்கள். முள் உள்ளே ஒடிந்தாலோ, வீக்கம் ஏறினாலோ, மூச்சு திணறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிடி ஊசியையும் கேளுங்கள்.

முதுகில் 13, அடியில் பின்துடுப்பில் 7, இடுப்புத் துடுப்புகளில் இரண்டிரண்டு, ஆக 24 முள். கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் நறுக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். குடலை உடனே எடுங்கள், பாசி வாடை சதையில் இறங்கிவிடும்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு இந்த ஊரில் வாடகை வீடு கிடைக்கப் பட்ட பாடு இருக்கிறதே! அட்வான்ஸ் வாங்கிய பிறகு, "மீன் வாடை மாடிக்கு வருது, காலி பண்ணுங்க" என்றார் ஒரு ஹவுஸ் ஓனர். அவர் வீட்டுச் சாக்கடை வாடை எங்கள் அடுப்படிக்கு வந்ததைப் பற்றி யாரிடம் சொல்வது?

சரி, "எங்க ஊர்ல வெறுங்கையாலேயே ஆய்வோம்" என்று எழுத வரும் கடற்கரை அண்ணன்களே, நீங்கள் ஆயுங்கள். கேள்வி உங்களுடையது இல்லை.